வலப் பக்கம் மட்டும் கெட்டி

கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறோம் என்று டாக்டரம்மா சொன்ன நிமிஷமே லியாகத் அலிக்கு அவள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. சைக்கிளுக்குக் காற்று அடைப்பார்கள். பந்துக்கு அடைப்பார்கள். பேரன் பேத்தி எடுத்த பொம்பளையின் கண்ணில் யாராவது அடைப்பார்களா?

"திரை கழண்டு வந்துருச்சு பெரியவரே. அத ஒட்டியிருக்கோம்" என்றாள் அக்னஸ் டாக்டர். அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும். "ஒட்டுனது புடிக்கிற வரைக்கும் அந்தக் காத்துதான் அமுக்கிக்கிட்டு இருக்கணும். அதனால அம்மா குனிஞ்ச தலை நிமிரக் கூடாது. சாப்பிட்டாலும் தூங்குனாலும் குனிஞ்சபடிதான்."

"இவளா? நிக்காஹ் அன்னிக்கே குனியாதவ ஆச்சே."

கட்டிலில் குப்புறக் கிடந்த சைத்தூன் பீவி தலையணைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள். "அன்னிக்கு இவரு என்னப் பாத்தாராக்கும்! பிரியாணி தேக்சாவத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

டாக்டரம்மா சிரித்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, "வண்டியில கூட்டிக்கிட்டுப் போறப்ப குலுங்காமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சொல் லியாகத் அலி மனசில் கருவமுள்ளாய்த் தைத்தது. சைத்தூனின் இடது கண் போய்ப் பல வருஷம். மிச்சம் இருப்பது இந்த ஒரு கண். குலுங்கி, ஒட்டினது பிய்ந்துகொண்டால் அவளுக்குப் பகலும் இருட்டுதான். தஞ்சாவூரிலிருந்து ராஜகிரி வரைக்கும் உள்ள ரோடு அவருக்குத் தெரியாததா? அந்த ரோட்டில் நெல் வண்டி ஓட்டித்தான் அவருக்கு முதுகு வளைந்தது. எந்தப் பள்ளத்தில் எந்தக் காளை கால் மடக்கும் என்று இன்றைக்கும் சொல்வார். ரோட்டுக்காரன் பள்ளத்தை மூடுவதாகச் சொல்லி மேடாக்குவான். அடுத்த மழையில் மேடு பள்ளமாகும். அவ்வளவுதான் அவன் செய்கிற வேலை.

ஐயம்பேட்டை ஸ்டாண்டில் அம்பாசிடர் கார் பிடிக்கலாம் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல முடியாது. மாப்பிள்ளை கார் வைத்திருக்கிறார்.

மகள் ஷமீராவின் புருஷன் ஜாஹித் புருனையில் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊர் வந்து சேர்ந்தபோது, மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டு வருவதுபோல அவர் கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்தார். சிவப்புக் கார், ஜப்பான்காரன் செய்தது. பந்தயத்துக்கென்றே செய்த ஜாதியாம். இரண்டே கதவு. வரப்பில் பம்மிய நண்டு மாதிரி தரையோடு தரையாகக் கிடக்கும். வாங்கும்போதே பழசு, இப்போது இன்னும் பழசு. ஆனாலும் மாப்பிள்ளை கார். அது வாசலில் நிற்க, மாமியாருக்கு வாடகை வண்டி பிடித்தால், வண்டி ராஜகிரி வந்து சேருமுன் சேதி பக்கத்து ஊர் பண்டாரவாடைக்குப் போய்விடும். மாப்பிள்ளை முகம் சுருங்கும். ஷமீரா முகம் அதற்கு முன்னால் சுருங்கும். மில்காரனை முகத்துக்கு நேரே திருடன் என்று சொன்னவர் லியாகத் அலி. கிராம அதிகாரியை வாசலிலேயே நிறுத்திப் பேசியவர். மாப்பிள்ளை வந்தால் மட்டும் எழுந்து துண்டைச் சரிசெய்துகொள்வார். அந்த வீட்டு வழக்கம் அது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலை ஜாஹித் வந்து, ஆஸ்பத்திரி மதிலோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் காரை நிறுத்தி, முன்மூடியைத் தூக்கினார்.

"மாமி வர்றாங்கள்ல, அதான் ஷாக் அப்சார்பரை இளக்கிவிடப் போறேன் மாமா."

"என்ன மாப்புள அது?"

"சக்கரத்து மேல குத்து விழுந்தா தாங்கிக்கிற சாமான். இந்த வண்டியில அது கரண்டுல வேலை செய்யும். உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. ஒரு பக்கம் அமுக்குனா கெட்டியாயிரும், வேகமா ஓட்டலாம். இன்னொரு பக்கம் அமுக்குனா இளக்கம், சொகுசாப் போகலாம்."

"அப்ப அமுக்க வேண்டியதுதானே?"

"சுவிட்ச் செத்துப்போச்சு. கெட்டியிலயே நின்னுக்கிச்சு. இப்ப கையாலதான் திருப்பணும்."

இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. செத்த சுவிட்சை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஊரைச் சுற்றிவந்தார் என்று லியாகத் அலி நினைத்துக்கொண்டார்.

முன் சக்கரத்துக்கு மேலே, இரும்புக் கிண்ணம் மாதிரி ஒன்றின் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருந்தது. ஜாஹித் இரண்டு திருகாணியைக் கழற்றி அதைத் தூக்கினார். அடியில் துவரங்குச்சி கனத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையை இரண்டு பக்கமும் பட்டையாகச் சீவியிருந்தார்கள். கொறடால் பிடித்து மெதுவாகத் திருப்பினார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற அளவுகூட இல்லை.

"இப்படித் திருப்புனா கெட்டி மாமா. அப்படித் திருப்புனா இளக்கம். நாலும் ஒண்ணு போல இருக்கணும். அவ்வளவுதான்."

மற்ற முன் சக்கரத்துக்கும் அதே வைத்தியம். பின்னால் டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி இன்னும் இரண்டு. கழற்றிய மோட்டார்களைப் பையில் போட்டார். லியாகத் அலி முன்பக்கம் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"ஒண்ணும் மாறலையே?"

"நிக்கிறப்பத் தெரியாது மாமா. உள்ள ஆயில் போற ஓட்டை பெருசாயிருக்கு. ஓடறப்பதான் தெரியும்."

நின்றால் தெரியாதாம், ஓடினால் தெரியுமாம். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவனும் இப்படித்தான் பேசுவான். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்கிறவனை அவர் எப்போதும் நம்பியதில்லை. அன்றைக்குக் கண்ணுக்குள் காற்று, இப்போது இரும்புக்குள் ஓட்டை.

ஜாஹித் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்போதுதான் லியாகத் அலி தன் கண்ணாலேயே பார்த்தார்: கார் வலப் பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் சாய்ந்தது. புருனைச் சோறு மாப்பிள்ளையிடம் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அவர் இறங்கியதும் கார் 'அப்பாடா' என்று எழுந்தது.

"சொட்டு மருந்து வாங்கி, சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துர்றேன். வண்டியப் பாத்துக்குங்க மாமா. யாரும் கைய வச்சிடாம."

மாப்பிள்ளை போனபிறகு லியாகத் அலி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலும் ஒண்ணு போல இருக்கணுமாம். எந்த ஊர் நியாயம்? போரடிக்கும்போது உள்வட்டத்து மாடும் வெளிவட்டத்து மாடும் ஒன்றுபோலவா நடக்கும்? நுகத்தில் கட்டும்போதே வலத்தை மாடு எது, இடத்தை மாடு எது என்று பார்த்துத்தானே கட்டுகிறோம்? வலப் பக்கம் மாப்பிள்ளை, ஒரு மூட்டை நெல் கனம். இடப் பக்கம் சைத்தூன், ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்துக் குடித்துக் காய்ந்த கத்தரி வற்றல். இரண்டு பக்கத்தையும் இளக்கினால் வலப் பக்கம் அமுங்கும். அமுங்கினால் இவள் தலை அந்தப் பக்கம் சரியும். சரிந்தால் திரை பிய்யும். வலப் பக்கத்துக்கு ஒரு முட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். மாப்பிள்ளைக்குச் சின்ன வயசு, இது தோன்றவில்லை. எடுத்துச் சொல்லலாம் என்றால், 'நீங்க கனம்' என்று எந்த மாமனார் மாப்பிள்ளையிடம் சொல்வான்?

கொறடு இன்ஜின்மேலேயே கிடந்தது. டிக்கி திறந்திருந்தது.

பிஸ்மி சொல்லி, பின்னால் வலப் பக்கத்துக் கம்பியைக் கெட்டிப் பக்கம் திருப்பினார். சுலபமாக வந்தது. முன்னால் வலப் பக்கத்துக்கு வந்தார். திருப்பினார். நின்றது. அவ்வளவு லேசாக நின்றது அவருக்குத் திருப்தியாக இல்லை. பம்பு செட்டில் நட்டு முடுக்கிய கை அது. கடைசி மரை பிடித்ததா இல்லையா என்று சத்தம் கேட்டால்தான் விடும். இன்னும் ஒரு பிடி பிடித்தார்.

கடக்.

"ஆங்" என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

சைத்தூனை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டு தலையணையை எதிரே அடுக்கி, அதில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள். லியாகத் அலி பின்னால், பூனைதான் உட்காரலாம் என்கிற இடத்தில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, கையை நீட்டி அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குள் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கியபோது கார் ஒரு தினுசாகத் துள்ளியது. வலப் பக்கம் உலக்கையால் குத்தினதுபோல் ஒரு குத்து. இடப் பக்கம் தொட்டில் மாதிரி ஓர் ஆட்டம். குத்தும் ஆட்டமும் ஒன்றோடொன்று சேரவில்லை. நொண்டி ஆடு ஓடுவதுபோல் கார் ஓடியது. பசுபதிகோயிலுக்கு முன்னால் உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் ஏறியதும் சைத்தூனின் தலை தலையணையில் அங்கும் இங்கும் உருண்டது.

"யா அல்லா... மாப்புள, நிறுத்துங்க. அந்தப் பக்கம் குத்துது, இந்தப் பக்கம் ஊஞ்சலாடுது. தலைய எந்தப் பக்கம் வச்சுக்கிறது?"

ஜாஹித் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். "என்னமோ சரியில்ல மாமி. நாலையும் இளக்கித்தான் விட்டேன்." இறங்கி முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லியாகத் அலி பின்சீட்டிலிருந்து தன்னைத் தானே பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"யாரோ தொட்டிருக்காங்க மாமா. வலப் பக்கம் மட்டும் கெட்டியில நிக்கிது. ஆஸ்பத்திரி வாசல்ல எவனோ வேலையக் காட்டியிருக்கான். நீங்க அந்தாண்ட இந்தாண்ட போனீங்களா?"

நிஜமாகவே கேட்கிறாரா, தெரிந்துகொண்டே கேட்கிறாரா? மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து சைத்தூனின் குரல் வந்தது.

"எவனும் இல்ல. உங்க மாமாதான்."

"மாமி?"

"பிடரியப் புடிச்சுக்கிட்டே வந்தாருல்ல. தஞ்சாவூர்லேர்ந்து கிரீஸ் நாத்தம் என் மூக்குக்குள்ளதான் இருக்கு. கண்ணுதான் கட்டியிருக்கு, மூக்கு தொறந்துதான் இருக்கு. கேளுங்க அவர."

லியாகத் அலி துண்டைச் சரிசெய்தார். "ஆமா, நாந்தான். வலப் பக்கத்துக்கு ஒரு முட்டு வேணும்னு பட்டுச்சு. மாப்புள உக்காந்ததும் வண்டி சாஞ்சுது. நீங்க கொஞ்சம்... ஆம்பள சிங்கம் மாதிரி இருக்கீங்கள்ல."

"குண்டா இருக்கேன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல."

"கனத்தத் தாங்குறது ஸ்பிரிங்கு மாமா. இது ஆட்டத்த அடக்குறது. ரெண்டும் வேற."

"ஆடறதே கனத்துனாலதானே மாப்புள?"

ஜாஹித் டிக்கியில் குனிந்து பின் சக்கரத்துக் கம்பியைத் திருப்பினார்; திரும்பியது. முன்னால் வந்து கொறடால் பிடித்தார். கொறடு வழுக்கியது. இன்னொரு முறை பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. கம்பியின் தலை முறுக்கிக்கொண்டு, பட்டை மழுங்கி, உருண்டையாகிக் கிடந்தது. அந்த 'கடக்' எதன் சத்தம் என்று லியாகத் அலிக்கு அப்போதுதான் உறைத்தது. முடுக்கினதன் சத்தம் இல்லை அது.

"இது இனி வராது" என்றார் ஜாஹித். குரல் தாழ்ந்திருந்தது. "மூணை இளக்கி ஒண்ணக் கெட்டியா விட்டா இதே நொண்டல்தான். நாலையும் கெட்டியாக்கலாம். வண்டி நேராப் போகும். ஆனா பள்ளத்துக்குப் பள்ளம் குத்தும்."

இரண்டு ஆம்பளைகளும் வெயிலில் நின்றார்கள். அம்பாசிடர் கூப்பிடலாம் என்று மாமனார் சொல்ல வேண்டும். சொன்னால் மாப்பிள்ளை காரை நடு ரோட்டில் அவமானப்படுத்தினதாகும், அதுவும் தானே கெடுத்துவிட்டு. மாப்பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால் மாமியாரைக் கொண்டுசேர்க்கத் துப்பில்லாதவர் ஆவார். லாரி ஒன்று உளுந்தை மிதித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் தொழுகைக்கு நிக்கிறீங்களா?" என்றாள் சைத்தூன். "உங்க ரெண்டு பேரு கௌரவத்தையும் என் ஒத்தக் கண்ணுல ஏத்தி ஓட்டாதீங்க. மாப்புள, நீங்க என் மவன் மாதிரி. கோவிச்சுக்காதீங்க. ஒரு டாக்சியக் கூப்புடுங்க."

ஜாஹித் செல்போனை எடுத்தார். முகம் சுருங்கியதா என்று லியாகத் அலி பார்த்தார். சுருங்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் விரிந்ததுபோல்கூட இருந்தது. அதற்கும் அவருக்கு அர்த்தம் புரியவில்லை.

ஐயம்பேட்டை ஸ்டாண்டிலிருந்து அந்தோணிமுத்துவின் அம்பாசிடர் வந்தது. சைத்தூனைப் பின்சீட்டில் நீளமாகக் குப்புறப் படுக்க வைத்தார்கள். லியாகத் அலி முன்கதவைத் திறந்தார்.

"நீங்க எங்க ஏறுறீங்க?" என்றாள் குப்புறக் கிடந்தபடியே. "மாப்புளைய ரோட்டுல தனியா விட்டுட்டு வந்தீங்கன்னா ஷமீரா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அவங்ககூட வாங்க. அந்தோணிமுத்து, நீ பிள்ளைத்தாச்சியக் கொண்டுபோற மாதிரி ஓட்டுப்பா."

"என் வண்டிக்கு வேற மாதிரி ஓடவே தெரியாது பாட்டி" என்றார் அந்தோணிமுத்து.

ஜாஹித் மற்ற மூன்றையும் கெட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். சிவப்புக் கார் அம்பாசிடருக்குப் பின்னால் ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளமும் லியாகத் அலியின் முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தட்டிக் கேட்டது. முன்னால் போகிற பழைய அம்பாசிடரோ பள்ளத்தில் இறங்கி, நிதானமாக அசைந்து, வாய்க்காலில் வாத்து போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"அந்த வண்டியில எங்க மாப்புள திருப்புவாங்க?"

"அதுல திருப்ப ஒண்ணும் கெடையாது மாமா."

"அப்புறம் எப்படி அது குத்தாமப் போவுது?"

ஜாஹித் என்னவோ சொன்னார். ஓட்டை, ஆயில், ஸ்பிரிங்கு என்றார். லியாகத் அலி தலையாட்டினார். ஒன்றும் ஏறவில்லை. அந்த அம்பாசிடரின் பின்கண்ணாடிக்குள் அவள் தலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். தெரிந்தால் ஆபத்து, நிமிர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். தெரியவில்லை என்றாலும் பயமாக இருந்தது.

வீட்டில் அவள் குப்புறக் கிடந்த நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உளுந்தின்மேல் அவள் தலை உருண்ட உருட்டல் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஷமீராவிடம் மாப்பிள்ளை என்ன சொன்னாரோ, அவள் அத்தாவைத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அது வேறு குழப்பம். கட்டு பிரிக்கிற நாளன்று, இன்னொரு அம்பாசிடர் சவாரிக்குப் பிறகு, அக்னஸ் டாக்டர் முன்னால் சைத்தூன் போய் உட்கார்ந்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"ஒரு விஷயம் டாக்டரம்மா. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில வண்டி நொண்டிருச்சு. நாந்தான் காரணம். தலை நல்லா உருண்டுருச்சு. பிஞ்சிருந்தா இப்பவே சொல்லிருங்க."

டாக்டரம்மா விளக்கைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா ஒட்டிக்கிச்சு பெரியவரே."

"பிய்யலையா?"

"வண்டி குலுங்குனதுக்கெல்லாம் பிய்யாது. குனிஞ்சே இருந்தாங்களா, அதான் முக்கியம்."

"அப்ப குலுங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"அது எல்லாருக்கும் சொல்றதுதான். ஒரு ஜாக்கிரதைக்கு."

ஜாக்கிரதைக்கு! ஒரு காரின் தலையைத் திருகி, மாப்பிள்ளையை நடு ரோட்டில் நிறுத்தி, இத்தனை நாள் சோறு இல்லாமல் கிடந்தது ஜாக்கிரதைக்கா? லியாகத் அலி வாயைத் திறந்தவர் மூட மறந்து நின்றார்.

"எப்படித் தெரியுதும்மா?" என்று டாக்டரம்மா சைத்தூனைக் கேட்டாள்.

"மங்கலாத் தெரியுது. யாரோ ஒரு கிழவன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாப்ல இருக்கு. கீழ ஒரு கோடு தெரியுது. சொம்புத் தண்ணி மாதிரி ஆடுது."

"ஆடுதா?" என்று பதறினார் லியாகத் அலி.

"அந்தக் காத்து கரையுதில்ல, அதோட மட்டம் அது" என்றாள் டாக்டரம்மா. "ஆடத்தான் செய்யும். கோடு கீழ இறங்கி இறங்கி ஒருநாள் காணாமப் போயிரும். ஆடுனா நல்லதுதான்."

குலுங்கக் கூடாது, குலுங்கினாலும் ஒன்றுமில்லை, ஆடினால் நல்லது.

வெளியே வந்தால், மாப்பிள்ளையின் சிவப்புக் கார் வாசலில் நின்றது. அம்பாசிடர் போதும் என்று இவர்கள் சொல்லியும் ஜாஹித் பின்னாலேயே வந்திருந்தார். அந்தோணிமுத்து வேறு சவாரிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தார். சைத்தூன் சிவப்புக் காரின் கதவைத் தடவிக் கண்டுபிடித்தாள்.

"இதுலயே போவோம். இனி நிமிந்து உக்காரலாம்ல."

"நாலும் கெட்டியிலதான் கெடக்கு மாமி. குத்தும்."

"குத்தட்டும். மாப்புள வண்டி."

லியாகத் அலி பூனை இடத்தில் ஏறிக்கொண்டார். வெண்ணாற்றுப் பாலத்தில் கார் ஏறி 'டொம்' என்று இறங்கியது.

"ஆடுது" என்றாள் சைத்தூன், சின்னப் பிள்ளை மாதிரி. அடுத்த பள்ளம் வந்தது. "இப்ப நல்லா ஆடுது." அதற்கடுத்த பள்ளத்தில் சிரித்தே விட்டாள்.

"மெதுவாப் போகவா மாமா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் ஜாஹித்.

மெதுவாகப் போகச் சொல்வதா, வேகமாகப் போகச் சொல்வதா என்று லியாகத் அலிக்கு விளங்கவில்லை. முன்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார்.

"அவளக் கேளுங்க" என்றார்.